பருந்தின் நிழலை ஆராய்ந்த நிகோ டின்பர்கன்

முற்றத்தில் குஞ்சுகளோடு மேய்ந்துகொண்டிருக்கும் கோழி, வானத்தில் புறா பறந்தால் தலை நிமிர்ந்தும் பாராது. கொக்குக் கூட்டம் கடந்து சென்றாலும் அதற்குக் கவலையில்லை. ஆனால் ஒரு பருந்து தலைகாட்டிவிட்டால் போதும். கழுத்தைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் மேலே பார்க்கும். தனிக்குரல் ஒன்று எழுப்பும். குஞ்சுகள் நாலாபுறமிருந்தும் ஓடிவந்து சிறகுக்குள் மறையும். எல்லாம் ஒரு கணத்தில் முடிந்துவிடுகிறது. அந்த ஒரு கணத்தில் கோழியின் கண் எதைக் கண்டது? அதன் மூளை எதைக்கொண்டு இது பகை, அது பகையன்று எனப் பிரித்தது?

நம்மில் பலரும் சிறுவயதில் கேட்டுப் பின்னர் மறந்துவிட்ட கேள்வி இது. இத்தகைய கேள்விகளை மறக்காமல் வாழ்நாள் முழுவதும் சுமந்து, விலங்குகளின் நடத்தையை ஆராய்வதற்கெனத் தனியொரு துறையையே உருவாக்கிய மூவருள் ஒருவர் நிகோ டின்பர்கன். அவருடைய ஆய்வுகூடம் பெரும்பாலும் கூரையில்லாதது. மணற்குன்றும் கடற்கரையும் பாறைத் தீவுகளுமே அவர் வேலை செய்த இடங்கள். அவருடைய கருவிகளோ கடதாசி அட்டை, வர்ணம், நூல், குறிப்பேடு என்பனதாம்.

கடற்கரை வளர்த்த பிள்ளை

நிக்கோலாஸ் டின்பர்கன் 1907ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் திகதி நெதர்லாந்தின் ஹேக் நகரில் பிறந்தார். பெற்றோருக்கு ஐந்து பிள்ளைகள், அவர் மூன்றாமவர். தந்தையார் டச்சு மொழி கற்பித்த ஆசிரியர். மூத்த சகோதரர் யான், படிப்பில் முதன்மையானவர். 1969ஆம் ஆண்டு பொருளியலுக்கான நோபல் பரிசு முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்ற இருவருள் ஒருவர் அவரே. இளைய சகோதரர் லூக், அண்ணனைப் போலவே பறவைகளில் மனம் வைத்தவர்.

இப்படிப்பட்ட வீட்டிலே நிகோ மட்டும் வகுப்பறையில் மனம் ஒட்டாத மாணவராக இருந்தார். ஹொக்கி விளையாட்டும், பனிக்கட்டியில் சறுக்கலும், கடற்கரை மணற்குன்றுகளில் திரிவதுமே அவருக்குப் பிடித்தவை. வீட்டின் பின்புறத்தில் சிறிய மீன் தொட்டிகள் இரண்டு இருந்தன. முதுகில் முட்கள் கொண்ட ஸ்டிக்கிள்பேக் என்னும் சிறு மீன்கள் அவற்றில் கூடு கட்டுவதை அவர் மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பார். பாடசாலையில் இயற்கை விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியர் இதைக் கவனித்தார். வகுப்பறையில் இருந்த கடல்நீர்த் தொட்டிகளைப் பராமரிக்கும் பொறுப்பை இவரிடமும் இவருடைய தோழர் சிலரிடமும் ஒப்படைத்தார். பிள்ளையின் நாட்டம் எந்தப் பக்கம் என்று கண்டு, அதற்கு ஒரு சிறு கதவைத் திறந்துவிட்ட அந்த ஆசிரியரின் செயல் சாதாரணமானதன்று.

பாடசாலைக் கல்வி முடிந்தும் பல்கலைக்கழகம் செல்வதா வேண்டாமா என்ற தயக்கம் அவருக்கு இருந்தது. 1925ஆம் ஆண்டு பால்டிக் கடலோரத்தில் ரொசிட்டன் என்னுமிடத்தில் இருந்த பறவை ஆய்வு நிலையத்திற்குச் செல்லும் வாய்ப்புக் கிட்டியது. இலையுதிர் காலத்திலே ஆயிரமாயிரம் பறவைகள் வலசை போகும் காட்சியை அங்கே கண்டார். திரும்பி வந்ததும் லைடன் பல்கலைக்கழகத்தில் உயிரியல் பயிலச் சேர்ந்துவிட்டார்.

குளவியிடம் கேட்ட கேள்வி

கலாநிதிப் பட்டத்திற்காக அவர் எடுத்துக்கொண்ட உயிரினம், தேனீக்களை வேட்டையாடும் ஒரு குளவி. அது மணலில் துளை தோண்டிக் கூடு அமைக்கும். இரை தேடி வெகுதூரம் பறந்துவிட்டுத் திரும்பும்போது, ஒன்றுபோலத் தோன்றும் நூற்றுக்கணக்கான துளைகளுள் தன்னுடையதை மட்டும் பிழையின்றிக் கண்டுபிடிக்கும். எப்படி?

டின்பர்கன் ஒரு கூட்டின் வாசலைச் சுற்றிப் பைன் மரக் காய்களை வட்டமாக அடுக்கினார். குளவி அந்த வட்டத்துடன் பழகும்வரை காத்திருந்தார். பின்னர் அது வெளியே சென்றிருந்த வேளையில் காய்களைச் சற்றுத் தள்ளி, அதே வட்டமாக வைத்தார். திரும்பி வந்த குளவி தன் உண்மையான வாசலை விட்டுவிட்டுக் காய் வட்டத்தின் நடுவிலே இறங்கித் தேடியது. காய்களை மீண்டும் பழைய இடத்தில் வைத்தவுடன் கூட்டிற்குள் நுழைந்தது. ஆகவே குளவி நம்பியிருந்தது வாசனையையன்று, கண்ணால் கண்ட அடையாளத்தையே.

இந்த எளிய பரிசோதனையில் அவருடைய வாழ்நாள் வழிமுறை முழுவதும் அடங்கியிருக்கிறது. விலங்கு என்ன நினைக்கிறது என்று நாமாக ஊகிக்கக் கூடாது. அதனிடமே கேட்க வேண்டும். அதற்குப் பேச்சில்லையாதலால், ஒரு பொருளை மாற்றி வைத்துவிட்டு அதன் செயலை விடையாகக் கொள்ள வேண்டும். 1932இல் அவர் சமர்ப்பித்த ஆய்வேடு முப்பத்திரண்டு பக்கங்களே கொண்டது. அவ்வளவு சிறிய ஆய்வேட்டை ஏற்பதற்குப் பல்கலைக்கழகம் தயங்கியதாம்.

அதே ஆண்டில் எலிசபெத் ருட்டனை மணந்தார். புதுமணத் தம்பதியர் கிழக்குக் கிறீன்லாந்துக்குப் புறப்பட்டனர். இனுயிட் மக்களிடையே பதினான்கு மாதங்கள் வாழ்ந்து பனிநிலப் பறவைகளை அவதானித்தனர்.

சிவப்பு நிறமும் சிறு மீனும்

லைடனுக்குத் திரும்பிய டின்பர்கன், சிறுவயதுத் தோழனான ஸ்டிக்கிள்பேக் மீனை ஆய்வுகூடத்திற்குக் கொண்டுவந்தார். இனப்பெருக்க காலத்தில் ஆண் மீனின் வயிறு சிவந்துவிடும். அது தனக்கென ஓர் எல்லையை வகுத்துக்கொண்டு, உள்ளே நுழையும் வேறு ஆண்களை விரட்டும். தலையைக் கீழாக்கிச் செங்குத்தாக நின்று மிரட்டும்.

எதைக் கண்டு அது சினக்கிறது? மீனைப் போலவே நுணுக்கமாகச் செய்த, ஆனால் சிவப்பில்லாத பொம்மையைத் தொட்டியில் இறக்கினார். மீன் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. மீனின் சாயலே இல்லாத ஒரு கட்டைக்கு அடிப்புறத்தில் மட்டும் சிவப்புப் பூசி இறக்கினார். மீன் பாய்ந்து தாக்கியது. ஆய்வுகூடத்தின் யன்னலோரமாக வைத்திருந்த தொட்டிகளில் இன்னுமொரு வேடிக்கை நடந்தது. தெருவிலே சிவப்பு நிறத் தபால் வண்டி கடந்து சென்ற போதெல்லாம் ஆண் மீன்கள் யன்னல் பக்கமாகத் திரண்டு வந்து அதை மிரட்டின.

இதிலிருந்து ஒரு முக்கிய உண்மை புலப்பட்டது. கண்ணில் விழும் முழு உருவத்தையும் விலங்கின் மூளை எடைபோடுவதில்லை. ஓரிரு அடையாளங்களைப் பொறுக்கி எடுத்து, அவற்றைக் கொண்டே முடிவு செய்கிறது. நாம் விஞ்ஞான பாடத்தில் படிக்கும் தூண்டல், தூண்டற்பேறு என்ற சொற்களுக்கு இங்கே உயிர் கிடைக்கிறது. முழுவதும் பார்த்துத் தெளிந்த பின்னர்தான் ஓடுவேன் என்றிருக்கும் குஞ்சு, தெளிவதற்கு முன்னரே பருந்தின் நகங்களுக்குள் போய்விடும். விரைவுக்காகச் செலுத்தும் விலைதான் இடையிடையே நேரும் பிழை. தபால் வண்டியை மிரட்டிய மீனுக்கு அந்தப் பிழையால் நட்டம் ஒன்றுமில்லை.

அட்டைப் பருந்து

1936இல் லைடனில் நடந்த ஒரு கருத்தரங்கிற்கு ஒஸ்திரியாவிலிருந்து கொன்ராட் லோரன்ஸ் வந்தார். இருவரும் சந்தித்தவுடன் நட்புக் கொண்டனர். லோரன்ஸ் துணிந்து கருத்துரைப்பவர். டின்பர்கன் பொறுமையாகச் சோதித்துப் பார்ப்பவர். அடுத்த ஆண்டு வசந்தத்தில் டின்பர்கன் தம் குடும்பத்துடன் வியன்னாவுக்கு அருகிலுள்ள அல்டன்பேர்க் கிராமத்திற்குச் சென்று, லோரன்ஸின் வீட்டில் சில மாதங்கள் தங்கி வேலை செய்தார்.

அங்கேதான் புகழ்பெற்ற அட்டைப் பருந்துப் பரிசோதனை நடந்தது. அட்டையில் பறவை உருவங்களை வெட்டி, உயரமான மரங்களுக்கிடையே கட்டிய கயிற்றில் அவற்றை ஓடவிட்டார்கள். கீழே வாத்தினங்களினதும் வான்கோழியினதும் குஞ்சுகள் நின்றன. உருவங்களுள் ஒன்று விசித்திரமானது. விரித்த இரு சிறகுகளுக்கு ஒரு பக்கத்தில் குட்டையான முனை, மறுபக்கத்தில் நீளமான முனை. குட்டை முனை முன்னால் வரும்படி ஓடவிட்டால் அது குறுங்கழுத்தும் நீள்வாலும் உடைய பருந்து. நீள முனை முன்னால் வரும்படி ஓடவிட்டால் அதுவே நெடுங்கழுத்துடைய பெருவாத்து. அட்டை ஒன்றுதான், திசை மட்டுமே வேறு.

பருந்தாக ஓடியபோது அஞ்சிய குஞ்சுகள், வாத்தாக ஓடியபோது அமைதியாக இருந்தன என்று டின்பர்கன் பின்னர் எழுதினார். அவ்வுருவத்தின் படம் உலகெங்கும் உயிரியல் நூல்களில் இடம்பெற்றது. பருந்தின் சாயல் குஞ்சின் மூளையில் பிறப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது என்று பலரும் கருதினர். ஆனால் லோரன்ஸ் இதே பரிசோதனைகளைப் பற்றி எழுதியது சற்று வேறு விதமானது. உருவ வேறுபாட்டை வான்கோழிகளே பொருட்படுத்தின என்றும், மற்றப் பறவைகளுக்கு உருவம் நகர்ந்த வேகமே முக்கியமாயிருந்தது என்றும் அவர் கருதினார். அந்த வேறுபாடு தீருமுன் உலகம் போருக்குள் விழுந்துவிட்டது.

முட்கம்பிக்குள் இரண்டு ஆண்டுகள்

1940ஆம் ஆண்டு மே மாதம் ஜேர்மனியப் படைகள் நெதர்லாந்தைக் கைப்பற்றின. பல்கலைக்கழகங்களிலிருந்து யூத ஆசிரியர்கள் நீக்கப்பட்டனர். லைடன் அதை எதிர்த்துக் குரல் கொடுத்தது. ஆக்கிரமிப்பாளர் அப்பல்கலைக்கழகத்தைத் தமக்கேற்ப மாற்ற முனைந்தபோது பேராசிரியர்கள் பலர் ஒன்றாகப் பதவி துறந்தனர். டின்பர்கனும் அவர்களுள் ஒருவர். அவர் யூதரல்லர், வாய்மூடி இருந்திருந்தால் அவருக்கு ஆபத்து இல்லை. அப்படியிருந்தும் சகபாடிகளுக்கு நேர்ந்த அநீதியைத் தமக்கு நேர்ந்ததாகவே கொண்டார்.

1942இல் அவர் கைதுசெய்யப்பட்டு, சின்ட் மிகீல்ஸ்கெஸ்டல் என்ற ஊரிலிருந்த பிணையாளர் முகாமில் அடைக்கப்பட்டார். நாட்டிலே எங்காவது எதிர்ப்பாளர் தாக்குதல் நடத்தினால் பிணையாளரைக் கொல்வோம் என்பது ஆக்கிரமிப்பாளரின் மிரட்டல். அது வெறும் மிரட்டலன்று. அந்த ஆண்டிலேயே பிணையாளர் ஐவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். எந்த விடியல் தம்முடைய கடைசி விடியல் என்று அறியாமல் அவர் அங்கே ஈராண்டு வாழ்ந்தார். விலங்குகளின் அச்சத்தை ஆராய்ந்தவருக்கு அச்சத்தின் கீழ் வாழ்வது எப்படியிருக்கும் என்பதும் தெரியவந்தது.

அந்த நாட்களில் வீட்டிலிருந்த தம் பிள்ளைகளுக்கு அவர் படங்கள் வரைந்து கதைகளை அனுப்பினார். ஒரு கடற்காகத்தின் கதையையும், ஒரு ஸ்டிக்கிள்பேக் மீனின் கதையையும் சொன்ன அவை, போருக்குப் பின்னர் சிறுவர் நூல்களாக வெளிவந்தன.

நண்பர் லோரன்ஸோ மறுபக்கத்தில் நின்றார். 1938இல் நாற்சிக் கட்சியில் சேர்ந்து, அதன் இனவாதக் கருத்துகளுக்குத் துணைபோகும் விதமாகவும் எழுதியிருந்தார். போரில் இராணுவ வைத்தியராகச் சென்று, சோவியத் படைகளிடம் சிறைப்பட்டு 1948இல்தான் வீடு திரும்பினார். 1949இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் நண்பர்கள் மீண்டும் சந்தித்தனர். நடந்ததை டின்பர்கன் மறந்துவிடவில்லை. ஆயினும் அறுந்த உறவைப் புதுப்பிக்க முன்வந்தார். பாதிக்கப்பட்டவர் கையை நீட்டுவது எளிதன்று, அவர் நீட்டினார்.

முட்டைக் கோது சொன்ன செய்தி

லைடனில் பேராசிரியர் பதவி அவருக்குக் கிடைத்திருந்தது. 1949இல் அதை உதறிவிட்டு, அதிலும் தாழ்ந்த விரிவுரையாளர் பதவியை ஏற்று ஒக்ஸ்போர்ட் சென்றார். ஆங்கிலம் பேசும் உலகிற்குத் தம் துறையைக் கொண்டுசெல்ல வேண்டும் என்பதே நோக்கம். 1951இல் அவருடைய முதன்மை நூலான உள்ளுணர்வு பற்றிய ஆய்வு வெளிவந்தது. ஆண்டுதோறும் மாணவர்களை அழைத்துக்கொண்டு கடற்காகங்கள் கூடு கட்டும் கரைகளுக்குச் சென்று கூடாரமடித்துத் தங்கினார்.

இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள ரேவன்கிளாஸ் கரையில் கருந்தலைக் கடற்காகங்கள் பெருங்கூட்டமாக முட்டையிடும். குஞ்சு பொரித்து ஓரிரு மணி நேரத்துக்குள் தாய்ப்பறவை உடைந்த கோதை அலகால் கவ்வித் தொலைவில் எறிந்துவிட்டு வரும். ஆண்டு முழுவதிலும் இந்த வேலைக்குச் சில நிமிடங்களே செல்லும். ஏனையோர் இதைப் பார்த்தால், கூட்டைத் துப்புரவு செய்கிறது என்று சொல்லிக் கடந்துவிடுவார்கள். டின்பர்கன் கடக்கவில்லை. முட்டையின் வெளிப்புறம் மண்ணோடு மண்ணாக மறையும் நிறம். கோதின் உட்புறமோ வெள்ளை. அந்த வெள்ளை, மேலே பறக்கும் காகங்களுக்கு விளம்பரப் பலகை ஆகிவிடுமோ?

முட்டைகளை மணலில் பரப்பி, சிலவற்றின் பக்கத்தில் உடைந்த கோதை வைத்தார்கள். கோது 15 சென்ரிமீற்றர் தூரத்தில் இருந்தபோது 42 வீதமான முட்டைகள் களவுபோயின. 2 மீற்றர் தூரத்தில் இருந்தபோது 21 வீதமே போயின. ஆகவே கோதை அகற்றும் அந்தச் சில நிமிட வேலை குஞ்சின் உயிரைக் காக்கிறது. அப்படியானால் பொரித்த கணமே ஏன் அகற்றுவதில்லை? அதற்கும் விடை கிடைத்தது. ஈரம் காயாத குஞ்சை விழுங்குவதற்கு அயல் கூட்டுக் கடற்காகங்களே காத்திருக்கின்றன. தாய் ஒரு கணம் விலகினாலும் ஆபத்து. குஞ்சின் தூவி உலர்ந்த பின்னரே அது கோதைத் தூக்கிச் செல்கிறது. ஓர் ஆபத்தை மற்றோர் ஆபத்தோடு நிறுத்துப் பார்க்கும் தராசு அந்தச் சிறு தலைக்குள் இருக்கிறது.

அவருடைய மாணவியான எஸ்தர் கல்லன் இதன் மறுபக்கத்தைக் கண்டுபிடித்தார். பார்ன் தீவுகளின் செங்குத்துப் பாறைகளில் கிட்டிவேக் என்னும் கடற்காகம் வாழ்கிறது. பாறை முகப்பில் ஒரு சாண் விளிம்பில் அது கூடு கட்டும். நரி ஏற முடியாது. பெரிய பறவைகள் இறங்குவதும் கடினம். அங்கே முட்டைக் கோதுகள் அப்படியே கிடந்தன. குஞ்சுகளுக்கு மறைக்கும் நிறமில்லை. பகையைக் கண்டு ஓடிப் பதுங்கும் பழக்கமுமில்லை. ஓடினால் கடலில் அல்லவா விழ வேண்டும்! தாய்ப்பறவைகள் எச்சரிக்கைக் குரல் எழுப்புவதும் அரிது. அச்சம் என்பது எல்லா உயிர்க்கும் ஒரே அளவில் பங்கிடப்பட்டதன்று. வாழும் இடத்தில் எவ்வளவு தேவையோ அவ்வளவே என்பதை இந்த இளம் பெண்ணின் ஆய்வு உணர்த்தியது. காற்றும் குளிரும் மிகுந்த தீவில் காலம் காலமாகக் காத்திருந்து அவர் பெற்ற முடிவு இது.

மற்றொரு மாணவரான டேவிட் பிளெஸ்ட், வண்ணத்துப்பூச்சிச் சிறகின் கண் வடிவப் புள்ளிகளை ஆராய்ந்தார். பூச்சி திடீரெனச் சிறகை விரித்து அப்புள்ளிகளைக் காட்டினால் உண்ண வந்த சிறு பறவை திடுக்கிட்டுப் பின்வாங்கியது. புள்ளிகளைத் துடைத்துவிட்டால் அந்தத் திடுக்கம் குறைந்தது. அஞ்ச வைக்கும் அடையாளத்தைப் பலமற்ற உயிரும் இரவல் வாங்கிக்கொள்ளலாம் போலும்!

தம்பி லூக் டின்பர்கன் வல்லூற்றின் பக்கமாக நின்று இதே கதையைப் படித்தார். பைன் காடுகளில் வல்லூறு எந்தப் பறவைகளை எவ்வளவு பிடிக்கிறது என்று கணக்கெடுத்து 1946இல் வெளியிட்டார். ஒரே வகை இரையை அடிக்கடி காணும் பறவை, அதன் அடையாளத்தை மனத்தில் இருத்திக்கொண்டு தேடுகிறது என்ற கருத்தையும் முன்வைத்தார். நாற்பது வயது நிறையுமுன்னரே 1955இல் அவர் மறைந்தது நிகோவுக்குப் பெரும் துயராயிற்று.

ஒரு செயலுக்கு நான்கு கேள்விகள்

1963இல் டின்பர்கன் எழுதிய ஒரு கட்டுரை இன்றுவரை மாணவர்களுக்கு வழிகாட்டுகிறது. எந்த நடத்தையைக் கண்டாலும் ஏன் என்று ஒருமுறை கேட்டால் போதாது. நான்கு விதமாகக் கேட்க வேண்டும் என்றார். உடலுக்குள் அதை இயக்குவது எது? பிறந்தது முதல் அது எப்படி உருவாகி வருகிறது? அதனால் உயிருக்கு என்ன பயன்? தலைமுறை தலைமுறையாக அது எவ்வாறு வந்தது? ஒரு கேள்விக்குரிய விடையை வைத்துக்கொண்டு மற்றொரு கேள்வி தீர்ந்துவிட்டதாகக் கருதக் கூடாது. அந்தக் கட்டுரையை லோரன்ஸின் அறுபதாவது பிறந்தநாளையொட்டியே எழுதினார்.

பயன் என்ன என்ற கேள்விக்கு முட்டைக் கோது விடை சொன்னது. இனத்துக்கு இனம் எவ்வாறு வேறுபட்டது என்பதைக் கிட்டிவேக் காட்டியது. அட்டைப் பருந்து எழுப்பிய கேள்வி, அச்சம் எப்படி உருவாகி வருகிறது என்பது. அதற்கான விடை 1961இல் வந்தது. லோரன்ஸின் மாணவரான வொல்ஃப்காங் ஷ்லைட், வானத்தையே காணாமல் வளர்ந்த வான்கோழிகளுக்குப் பல உருவங்களைக் காட்டினார். முதலில் அவை எல்லா உருவத்துக்கும் அஞ்சின. அடிக்கடி கண்ட உருவத்துக்கு அஞ்சுவதை மெல்ல மெல்ல விட்டுவிட்டன. அரிதாகக் கண்டது எதுவோ அதற்கே அஞ்சின. அது வாத்தாக இருந்தாலும் சரி, வட்டமாக இருந்தாலும் சரி. குஞ்சு பருந்தை அறிந்து பிறக்கவில்லை. மேலே நகரும் எதற்கும் அஞ்சும் இயல்போடு பிறந்து, தீங்கற்றவை எவை என்பதை நாள்தோறும் கற்றுக்கொள்கிறது. பாடநூல்களில் பதிந்துவிட்ட புகழ்பெற்ற விளக்கம் திருத்தப்பட்டது. திருத்திய கருவியும் டின்பர்கன் கற்பித்த அதே வழிமுறைதான்: ஒன்றை மாற்று, விலங்கைக் கேள்.

எஞ்சியிருந்தது மூளைக்குள் நடப்பது என்ன என்ற கேள்வி. அதற்கு அட்டையும் நூலும் போதவில்லை. நரம்புகளின் மின் துடிப்பைப் பதிவு செய்யும் நுண்கருவிகள் வேண்டியிருந்தன. அடுத்த தலைமுறையினர் அவற்றோடு வந்தனர். ஜேர்மனிய விஞ்ஞானி யோர்க் பீட்டர் ஏவர்ட், தேரைக்கு முன்னால் ஓர் அட்டைக் கீற்றை நகர்த்தினார். நீளவாக்கில் ஊர்ந்தால் தேரை அதைப் புழுவென்று பாய்ந்து பிடித்தது. அதே கீற்று நிமிர்ந்து நின்றபடி நகர்ந்தால் தீண்டவில்லை. தேரையின் நடுமூளையில், கண்ணிலிருந்து வரும் நரம்புகள் சென்றடையும் பகுதியில், இவ்வேறுபாட்டை உணரும் நரம்புக்கலங்களையும் கண்டார். வெட்டுக்கிளியின் பார்வை நரம்புத் தொகுதியில், தன்னை நோக்கி வளர்ந்து வரும் உருவத்துக்கு மட்டும் வலுவாகத் துடிக்கும் பெரிய நரம்புக்கலம் ஒன்று உண்டு.

2013இல் சுண்டெலிகளுக்கு மேலே ஒரு திரையில், விரிந்துகொண்டே வரும் கரிய வட்டத்தைக் காட்டினார்கள். சுண்டெலிகள் ஒன்றில் ஒளிவிடத்திற்கு ஓடின, அல்லது அசைவற்று உறைந்து நின்றன. பருந்தையே கண்டிராத ஆய்வுகூட விலங்குகள் அவை. கண்ணிலிருந்து வரும் செய்தி நடுமூளையின் மேற்பகுதியை அடைகிறது. அங்கே ஆபத்துக்கான சான்று சேர்ந்து ஓர் அளவைத் தாண்டியதும் ஓடு என்ற கட்டளை பிறக்கிறது என்று பின்வந்த ஆய்வுகள் காட்டுகின்றன. அல்டன்பேர்க்கில் மரத்துக்கு மரம் கட்டிய கயிற்றின் தொடர்ச்சியே இந்தத் திரை எனலாம்.

பரிசும் பின்னர் வந்த பாதையும்

1973ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு டின்பர்கன், லோரன்ஸ், தேனீக்களின் நடன மொழியை ஆராய்ந்த கார்ல் வொன் ஃபிரிஷ் ஆகிய மூவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. மீனையும் பறவையையும் தேனீயையும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு மருத்துவப் பரிசா என்று பலர் வியந்தனர்.

இறுதிக் காலத்தில் டின்பர்கன் தம் மனைவியுடன் சேர்ந்து ஓட்டிசம் உள்ள பிள்ளைகளைப் பற்றி ஆராய்ந்தார். மற்றவர் முகத்தைப் பார்க்கத் தயங்கும் அப்பிள்ளைகளிடம், அச்சமுற்ற விலங்கின் நடத்தையை ஒத்த ஒன்றைக் கண்டதாக எண்ணினார். 1983இல் இருவரும் ஒரு நூலும் வெளியிட்டனர். நோக்கம் இரக்கமே. ஆனால் கடற்காகங்களிடம் காட்டிய கண்டிப்பான சோதனை முறையை அவர் இங்கே கைக்கொள்ளவில்லை. அவர் கூறிய காரணங்களையும் சிகிச்சையையும் துறைசார்ந்தோர் ஏற்கவில்லை. தாய்மார் மீது வீண் பழி சுமத்தும் கருத்துக்கு அவை இடமளித்தன என்ற கண்டனமும் எழுந்தது. பெரிய அறிஞர் சொன்னார் என்பதற்காக ஒரு கருத்து உண்மையாகிவிடாது என்பதற்கு அவருடைய வாழ்வின் இப்பகுதியே சான்று. நெடுங்காலம் மனச்சோர்வு நோயும் அவரை அவ்வப்போது வாட்டியது. அதனோடு போராடிக்கொண்டே இத்தனையும் செய்தார்.

1988 டிசம்பர் 21ஆம் திகதி ஒக்ஸ்போர்டில் அவர் காலமானார்.

டின்பர்கனின் வாழ்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது பெரிய ஆய்வுகூடமோ விலையுயர்ந்த கருவியோ அன்று. ஓர் உயிர் அஞ்சி ஓடும்போது அதைக் கோழை என்றோ அறிவற்றது என்றோ சொல்லிவிடாமல், அது எதைக் கண்டது என்று கேட்கும் பழக்கமே அவர் விட்டுச்சென்ற செல்வம். மதிலில் ஓடும் அணிலுக்கும், ஆள் நிழல் விழுந்ததும் சுவர் இடுக்கில் மறையும் பல்லிக்கும் அந்தக் கேள்வி பொருந்தும். குறிப்பேடு ஒன்றும் சற்றுப் பொறுமையும் இருந்தால், நான்கு கேள்விகளுள் ஒன்றையாவது ஒரு மாணவி நாளையே தொடங்கலாம்.